அரசியல் அறிவியல் படிக்க 12 லட்சம் கடன் வாங்கலாமா? வருமானத்தையும் தவணையையும் எடை போடும் கேள்வி

உரக்கடைக்காரர், மன்னார்குடி:

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கம் சிறிய உரக்கடை நடத்துகிறேன். என் மூத்த மகள் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். பதினொன்றாம் வகுப்பில் அரசியல் அறிவியலை ஒரு பாடமாக எடுத்த நாளிலிருந்து அவளுக்கு அதன்மேல் தனிப் பிடிப்பு. சென்ற அக்டோபர் 2 கிராம சபைக்கு என்னோடு வந்தாள். வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறாத வயது என்றாலும், எழுந்து நின்று, குடிநீர்த் தொட்டிச் செலவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகுதானே எங்கள் ஊர்க்காரர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று கேட்டாள். ஊராட்சிச் செயலர் அந்தப் பக்கத்தை எழுதிக் காட்டும் வரை அவள் உட்காரவில்லை. ஆகவே, இந்தப் படிப்பு வேண்டாம் என்று சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை.

என் கேள்வி பணத்தைப் பற்றியது. கர்நாடகத்தில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. அரசியல் அறிவியலுக்கு இடம் கிடைத்திருக்கிறது. மூன்று ஆண்டுக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து 12 லட்சம் ஆகும். 7.5 லட்சத்துக்கு மேல் போவதால் வீட்டுப் பத்திரத்தைப் பிணையாகக் கேட்கிறது வங்கி. என் ஆண்டு வருமானம் எல்லாம் போக ஆறரை லட்சம் தேறும். இன்னொரு மகன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். பல்கலைக்கழகம் கொடுத்த வண்ணத் தாளில் சராசரிச் சம்பளம் ஆண்டுக்கு 6 லட்சம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டிலேயே ஓர் அரசு கலைக் கல்லூரியில் இதே பட்டத்துக்குத் தமிழ்வழியில் இடம் கிடைக்கும் என்று தெரிகிறது. அந்த 6 லட்சத்தை நம்பிக் கடன் வாங்கலாமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற வங்கியாளர், திருச்சி:

ஐயா, முப்பது ஆண்டுகள் கடன் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் முதலில் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். கையெழுத்துப் போடும் நாளில் எவரும் இதைப் பொறுமையாகப் போட்டுக் காட்டுவதில்லை என்பது என் நீண்ட நாள் வருத்தம்.

4 லட்சத்துக்கு மேற்பட்ட உள்நாட்டுக் கல்விக் கடனில் 5 சதவீதம் உங்கள் கையிலிருந்து போட வேண்டும். எனவே 12 லட்சத்தில் 60 ஆயிரம் உங்களுடையது, 11.4 லட்சம் கடன். ஒவ்வோர் ஆண்டுத் தொடக்கத்திலும் 3.8 லட்சம் வீதம் வங்கி நேரே கல்லூரிக்குச் செலுத்தும். படிப்புக் காலமும் அதன் பிறகு ஓர் ஆண்டும் நீங்கள் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி நின்றுவிடுவதில்லை, தனிவட்டியாக ஏறிக்கொண்டே இருக்கும். 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், முதல் தொகைக்கு நான்கு ஆண்டு, இரண்டாவதற்கு மூன்று ஆண்டு, மூன்றாவதற்கு இரண்டு ஆண்டு வட்டி சேர்ந்து 3.42 லட்சம் ஆகும். அதாவது, முதல் தவணை கட்டும் நாளில் உங்கள் மகளின் பெயரில் நிற்பது 14.82 லட்சம். பத்து ஆண்டில் அடைப்பதென்றால் மாதம் ஏறத்தாழ 19,600 ரூபாய். பதினைந்து ஆண்டு என்றால் ஏறத்தாழ 15,900 ரூபாய். பதினைந்து ஆண்டுக் கணக்கில் மொத்தம் கட்டியிருப்பது 28 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல்.

இப்போது வண்ணத் தாளுக்கு வருவோம். சராசரி என்பது பொறியியல், மேலாண்மை, கணினி எல்லாவற்றையும் கலந்த எண்ணாக இருக்கக்கூடும். வேலை கிடைத்தவர்களை மட்டும் வைத்துப் போட்டதாகவும் இருக்கும். அந்தப் பல்கலைக்கழகம் மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் கலந்துகொண்டிருந்தால், அதற்காகச் சமர்ப்பித்த தரவுக் கோப்பு இணையத்தில் கிடைக்கும். அதில் மூன்றாண்டு இளநிலைப் படிப்பு என்ற வரிசையைத் தேடுங்கள். எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், வேலைக்குப் போனவர்களின் நடுச் சம்பளம் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம்) எவ்வளவு என்று நான்கும் அடுத்தடுத்து இருக்கும். அது துறைவாரியான கணக்கு இல்லைதான், பி.காம். மாணவரும் அதற்குள் இருப்பார். அமெரிக்காவில் காலேஜ் ஸ்கோர்கார்டு என்ற அரசு இணையதளத்தில், இன்ன கல்லூரியில் அரசியல் அறிவியல் முடித்தவர் சில ஆண்டுகள் கழித்து என்ன சம்பாதிக்கிறார், எவ்வளவு கடனோடு வெளியே வந்தார் என்று பாடவாரியாகவே பார்க்க முடிகிறது. நம்மிடம் அப்படி ஒன்று இல்லாத வரை, இந்த ஒற்றை வரிசைதான் பெற்றோரின் கையில் உள்ள கருவி. கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

நூலகவாசி, டெல்லி:

அண்ணா, நான் அரசியல் அறிவியல் படித்தவள். இப்போது டெல்லியில் கொள்கை ஆய்வு நிறுவனம் ஒன்றில் பணியாற்றுகிறேன். மேலே ஐயா போட்ட கணக்கில் பிழை இல்லை. ஆனால் முதல் சம்பளத்தை மட்டும் வைத்து இந்தப் பட்டத்தை அளந்தால், அளவுகோலே தவறாகிவிடும் என்று அஞ்சுகிறேன். பொறியியல் பட்டதாரியின் வருமானம் முதல் ஆண்டிலேயே தெரிந்துவிடுகிறது. எங்கள் துறையில் அது மெதுவாகத்தான் ஏறும். நான் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 22,000 ரூபாய்க்கு, நாடாளுமன்றக் கேள்வி பதில்களைத் தொகுத்து அட்டவணையாக்கும் வேலையைச் செய்தேன். முதுகலை முடித்த பிறகுதான் அது இரண்டரை மடங்கானது.

சிறு நகரத்தில் தமிழ்வழியில் படித்த எனக்கு, வெளிமாநிலத் தனியார் கல்லூரி கொடுத்தது ஆங்கிலத்தில் வாதிட்டு எழுதும் பழக்கம். வாரம் ஒரு கட்டுரை எழுத வேண்டும். அது சிவப்பு மையில் திருத்தப்பட்டுத் திரும்பி வரும். திருத்தி மறுபடியும் கொடுக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டுப் பயிற்சி இல்லாமல் இன்றைய வேலைக்கு நான் வந்திருக்க மாட்டேன். இந்த வாய்ப்பு உங்கள் மகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் ஆசை. நேர்மைக்காக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: என் கட்டணத்தில் முக்கால் பங்கை உதவித்தொகை ஏற்றது. எனக்குக் கடன் இல்லை.

கௌரவ விரிவுரையாளர், அரசு கலைக் கல்லூரி:

சகோதரி கடைசியில் சொன்ன இரண்டு சொற்றொடர்களில்தான் இந்த இழையின் விடையே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் பதினொரு ஆண்டுகளாக அரசியல் அறிவியல் கற்பிக்கிறேன். பட்டம் முடித்துப் போன என் மாணவர்களில் நன்றாக வாழ்கிறவர்களை எண்ணிப் பார்த்தால், இளங்கலையோடு நின்றவர்கள் மிகச் சிலர். மூன்றாண்டு எல்.எல்.பி. படித்து வழக்கறிஞரானவர்கள், முதுகலை முடித்து, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை பெற்றவர்கள், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 எழுதி உள்ளே போனவர்கள் என்று எல்லோருக்கும் இரண்டாவது படி ஒன்று இருந்தது. ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் தருகிறார்கள். ஆனால் மூன்றாண்டுப் பட்டம் படித்தவருக்கு அதற்கு முதுகலையும் வேண்டும். இளைஞர்களை உதவித்தொகையோடு அரசுப் பணிகளில் ஈடுபடுத்தும் தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: பொறியியல், சட்டம், மருத்துவம் போன்ற தொழிற்பட்டம் பெற்றவர் இளநிலையோடு விண்ணப்பிக்கலாம், கலைப் பாடம் படித்தவருக்கு முதல் வகுப்பில் முதுகலை கேட்கிறார்கள். இந்தப் பட்டத்தின் இயல்பே அதுதான். இளங்கலை வாசற்படி, அதற்குப் பிறகு இரண்டிலிருந்து நான்கு ஆண்டுகள் குறைந்த வருமானத்தில், சில சமயம் வருமானமே இல்லாமல் நடக்க வேண்டியிருக்கிறது. பெரிய கடனின் தவணை சரியாக அந்த ஆண்டுகளில்தான் தொடங்குகிறது. மாதம் 16,000 ரூபாய் கட்ட வேண்டிய பெண் சட்டம் படிக்கப் போக மாட்டாள். கிடைத்த வேலையில் உட்காருவாள். 12 லட்சம் கொடுத்து வாங்கிய பட்டத்தின் பலன், அந்த 12 லட்சத்தாலேயே கைநழுவிப் போகும்.

அரசுக் கல்லூரியின் குறைகளையும் மறைக்கக் கூடாது. எங்கள் துறையில் நிரந்தரப் பேராசிரியர் ஒருவர்தான். மற்ற வகுப்புகளை என்னைப் போன்றவர்கள் தொகுப்பூதியத்தில் நடத்துகிறோம். வாரம் ஒரு கட்டுரையைத் திருத்திக் கொடுக்க எனக்கும் ஆசைதான். அறுபது பேர் வகுப்பில் மாதம் ஒன்றுதான் முடிகிறது. நூலகத்தில் அரசமைப்புச் சட்டம் பற்றிய தமிழ் நூல்கள் பழைய பதிப்புகள். ஆங்கிலத்தை மாணவர் தாமாகவே முயன்று பெற வேண்டும். இவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பயிற்றுக் கட்டணம் கிடையாது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே விழும்.

இன்னொன்று, இதைப் பலரும் கவனிப்பதில்லை. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. 2020இல் அதைத் திருத்தி, பள்ளி முதல் அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதி வரை முழுவதும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்றார்கள். உங்கள் மகள் பட்டத்தை ஆங்கிலவழியில் படித்தால், பட்டத் தகுதி கேட்கும் குரூப் 1, குரூப் 2 பணிகளில் இந்த முன்னுரிமையை இழப்பாள். பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ்வழியில் படித்துச் சேர்த்த உரிமை அது. அதற்கும் ஒரு விலை உண்டு. வங்கியின் தாளில் அது வராது.

தாய், விழுப்புரம்:

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் வீட்டில் நடந்தது யாருக்காவது பயன்பட்டால் போதும்.

என் மகன் 2019இல் வெளியூர்த் தனியார் கல்லூரி ஒன்றில் இதே பட்டத்துக்குச் சேர்ந்தான். 7 லட்சம் கடன் வாங்கினோம். என் தம்பி ஜாமீன் கையெழுத்துப் போட்டான். 2022இல் முதல் வகுப்பில் தேறினான். ஐ.ஏ.எஸ். எழுத வேண்டும் என்பது அவன் கனவு. சென்னை அண்ணா நகரில் அறை எடுத்துப் படித்தான். 2023 மே மாதம் முதல்நிலைத் தேர்வு எழுதினான். அடுத்த மாதம் வங்கியிலிருந்து முதல் தவணைக் கடிதம் வந்தது, மாதம் 12,000 ரூபாய். அந்த ஆண்டு 10 லட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்ததில் கடைசியில் 1,016 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் முறையில் தேறாதது அவன் குற்றம் இல்லை. இன்னும் இரண்டு முறையாவது எழுத வைக்க வேண்டும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

மூன்று தவணைகள் தவறின. வங்கியிலிருந்து எங்களைக் கூப்பிடுவதற்கு முன்பே, தன் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்திருந்த என் தம்பியை இன்னொரு வங்கி கூப்பிட்டு, கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் உங்கள் சிபில் மதிப்பெண் இறங்கியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறது. ஜாமீன் போட்டவரின் மதிப்பெண்ணும் இறங்கும் என்பது எங்களில் எவருக்கும் தெரியாது. தம்பி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் என் மகனுக்குத் தாங்க முடியாமல் போயிற்று. மறுவாரமே புத்தகங்களை அட்டைப் பெட்டியில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டு, ஒரு நிதி நிறுவனத்தின் வசூல் பிரிவில் 18,000 ரூபாய்க்குச் சேர்ந்தான். சம்பளம் வந்ததும் 12,000 எடுக்கப்பட்டுவிடும். மீதி 6,000த்தில் பெட்ரோலும் கைப்பேசியும் போக, தினமும் நான் கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டில்தான் ஓடுகிறது. மற்றவர்களின் தவணையைக் கேட்டு வீட்டுக் கதவைத் தட்டும் வேலையைச் செய்துதான் அவன் தன் தவணையைக் கட்டுகிறான்.

விரிவுரையாளர் ஐயா சொன்ன வார்த்தைகள் எங்கள் வீட்டில் அப்படியே நடந்தன. பெட்டி இன்னும் பரணில்தான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற வங்கியாளர், திருச்சி:

அம்மா, உங்கள் மகனின் நிலையைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. ஒன்றை உடனே செய்யுங்கள். வேலையின்மை அல்லது குறைந்த வருமானக் காலத்தைக் கருத்தில் கொண்டு, கடனின் ஆயுளில் இரண்டு மூன்று முறை தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம் இடம் தருகிறது. அடைக்கும் காலத்தையும் பதினைந்து ஆண்டு வரை நீட்டிக்கக் கேட்கலாம். சம்பளச் சீட்டை இணைத்து எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். வாய்மொழியாகக் கேட்டால் கிளையில் எவரும் பொறுப்பேற்க மாட்டார்கள். வட்டி கூடும் என்பது உண்மை. ஆனால் மாதத் தொகை குறைந்தால் அவன் மாலையில் படிக்கவாவது முடியும்.

உரக்கடை ஐயாவுக்கு மானியங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இவற்றை எண்ணித்தான் பலர் துணிந்து கையெழுத்துப் போடுகிறார்கள். படிப்புக் கால வட்டியை முழுவதும் அரசே ஏற்கும் திட்டம், 4.5 லட்சத்துக்குள் வருமானம் உள்ள குடும்பங்களுக்கு, அதுவும் தொழிற்கல்விக்கும் தொழில்நுட்பக் கல்விக்கும் உரியது. பி.ஏ. அரசியல் அறிவியல் அதற்குள் வராது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில் பிணையும் ஜாமீனும் வேண்டாம். 8 லட்சத்துக்குள் வருமானம் உள்ளவர்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில், தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டி மானியம் உண்டு. ஆனால் கல்வி நிறுவனம் அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். உங்களிடம் வீட்டுப் பத்திரம் கேட்டிருப்பதால் அது பட்டியலில் இல்லை என்றே தோன்றுகிறது. இருந்தாலும் நீங்களே ஒரு முறை தேடிப் பாருங்கள். வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டு வரிக்கழிவு உண்டு என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். அது பழைய வரிமுறையில் மட்டும் உண்டு. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இருந்தால்தான் அதனால் பயன்.

என்னிடம் ஒரு எல்லை கேட்டால், 4 லட்சம் என்பேன். அதுவரை பிணையும் இல்லை, ஜாமீனும் இல்லை, கையிலிருந்து போட வேண்டியதும் இல்லை. இதே முறையில் கணக்கிட்டால் முதல் தவணை நாளில் 5.2 லட்சம் நிற்கும். பத்து ஆண்டில் அடைக்க மாதம் 6,900 ரூபாய்க்குள் வரும். 20,000 வாங்கும் பெண்ணால் அதைக் கட்டிக்கொண்டே மாலைநேரத்தில் தேர்வுக்குப் படிக்க முடியும்.

நூலகவாசி, டெல்லி:

விழுப்புரம் அம்மாவின் பதிவைப் படித்த பிறகு, என் முதல் பதிவை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. உதவித்தொகையில் படித்த நான், கடனில் படிக்கப்போகிற ஒரு பெண்ணுக்கு அறிவுரை சொல்லியிருக்கிறேன், இரண்டும் ஒன்றல்ல. ஆங்கிலம் பற்றிய என் கருத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாதம் ஒரு கட்டுரை போதாது. தனியார் பல்கலைக்கழகத்துக்கும் ஊர்க் கல்லூரிக்கும் நடுவே வேறு வழியும் இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுதி டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் சேர்ந்தால், கட்டணம் தனியாரில் ஒரு சிறு பங்குதான். தங்கும் செலவுதான் பெரிது. இந்த ஆண்டு தேர்வு எழுதவில்லை என்றால், முதுகலைக்கு அந்த வாசல் மறுபடியும் திறக்கும். அப்போது அவளுக்குப் பணம் தேவைப்படும். இப்போதே எல்லாவற்றையும் செலவழித்துவிட வேண்டாம்.

உரக்கடைக்காரர், மன்னார்குடி:

பதில் எழுதிய எல்லோருக்கும் என் குடும்பத்தின் நன்றி. நேற்று இரவு கடை அடைத்த பிறகு நானும் மகளும் உட்கார்ந்து அந்தத் தரவுக் கோப்பைத் திறந்தோம். மூன்றாண்டுப் படிப்பு வரிசையை அவள்தான் கண்டுபிடித்தாள். முடித்தவர்களில் பாதிப் பேருக்குக்கூட வேலை கிடைத்ததாகக் கணக்கு இல்லை. கிடைத்தவர்களின் நடுச் சம்பளம், வண்ணத் தாளில் இருந்த எண்ணில் ஏறக்குறைய பாதி. அதை மாதமாகப் பிரித்து, வங்கியாளர் ஐயா சொன்ன 15,900ஐக் கழித்து, மீதியில் வாடகையும் சாப்பாடும் எழுதிப் பார்த்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டு, "அப்பா, இதில் சட்டம் படிக்க இடமே இல்லையே" என்றாள். அவள் மனத்தில் சட்டம் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். வித்யாலட்சுமி பட்டியலிலும் தேடினோம். அந்தப் பெயர் இல்லை.

விழுப்புரம் அம்மா, உங்கள் பதிவை அவள் இரண்டு முறை படித்தாள். உங்கள் மகனுக்குக் குரூப் 2 பழைய வினாத்தாள்கள் வேண்டுமென்றால், இங்குள்ள கிளை நூலகத்தில் நகலெடுத்து அனுப்புவதாகச் சொல்லச் சொன்னாள்.

அரசுக் கல்லூரியில் சேர்ப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். இளங்கலைக்குக் கடன் இல்லை. ஆங்கிலத்துக்காக மாதம் ஒரு தொகை ஒதுக்குகிறேன். நூலகவாசித் தங்கை சொன்னதை நான் மறக்கவில்லை. சட்டமோ முதுகலையோ, அப்போது தேவைப்பட்டால் 4 லட்சத்துக்குள் கடன் வாங்கிக்கொள்வோம். வீட்டுப் பத்திரத்தை வங்கியிலிருந்து திரும்ப வாங்கி வந்துவிட்டேன். விரிவுரையாளர் ஐயாவிடம் ஒரு கேள்வி: தமிழ்வழிச் சான்றிதழை எப்போது, யாரிடம் வாங்க வேண்டும்?

கௌரவ விரிவுரையாளர், அரசு கலைக் கல்லூரி:

இப்போதே வாங்கிவிடுங்கள், ஐயா. ஒன்றாம் வகுப்பு முதல் எந்தெந்தப் பள்ளியில் படித்தாளோ, அந்தந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடம் தனித்தனியே வாங்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. இணையதளத்தில் அதற்கான படிவம் இருக்கிறது. அதை அச்செடுத்து எடுத்துச் செல்லுங்கள், பள்ளியின் சொந்தத் தாளில் எழுதி வாங்காதீர்கள். தொடக்கப் பள்ளி வேறு ஊரில் என்றால் அதற்கு முதலில் போங்கள். பழைய பதிவேட்டைத் தேடி எடுக்க அவர்களுக்கு நாளாகும். மாற்றுச் சான்றிதழில் பயிற்று மொழி தமிழ் என்று குறித்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கலந்தாய்வுக்கு வரும் நாளன்று துறைக்கு ஒரு முறை வரச் சொல்லுங்கள். கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தைப் பற்றி அவளிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது.